பிளாஸ்டிக் பனியில் என் மகள்

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் தரம். சமதரையில் நடந்துபோகும்போதே விழுகிற பிள்ளை. கல்லில் தடுக்கி விழுந்தால் கல்லையாவது திட்டலாம். அவள் எதிலும் தடுக்குவதில்லை. நடந்துகொண்டிருப்பாள், திரும்பிப் பார்த்தால் தரையில் இருப்பாள். முன்பல் ஒன்றில் கீறல், இரண்டு முழங்காலிலும் எப்போதும் பிளாஸ்டர்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்தேகம போகும் வீதிக்கு மேலே, சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. வீதிக்கு இறங்க முப்பத்தொரு படிகள். மற்றப் பிள்ளைகள் பறந்து இறங்கும் அந்தப் படிகளில் அவள் ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்ததுக்குக் காலை நீட்டுவாள். கீழே பள்ளிக்கூட வேன் ஹோர்ன் அடிக்கும். நான் ஒரு கையில் அவளுடைய பையையும் மறுகையில் வேலைக்குக் கொண்டுபோகும் என் கந்தோர்ப் பையையும் பிடித்துக்கொண்டு, "கெதியா, கெதியா" என்று கத்துவேன். கத்தக் கத்த அவள் மெதுவாவாள். காலை ஆறே முக்காலுக்கே எனக்குத் தலை வலிக்கத் தொடங்கிவிடும்.

சீருடையின் பொத்தானை அவளே போட்டால் ஒரு துளை தப்பியிருக்கும். பந்தை எறிந்தால், அது நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் கைகள் சேரும். எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டாம் தவணை ரிப்போட்டில் வகுப்பாசிரியை 'கவனக்குறைவு, சோம்பல்' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்.

என் கணவருக்கு நாவலப்பிட்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். ரிப்போட்டைக் காட்டினால், "வளர வளர சரியாயிரும். நானும் சின்னதுல இப்படித்தான் இருந்தேன், நீ டென்ஷன் ஆவாத" என்பார். திங்கள் காலை ரயில் ஏறிப் போய்விடுவார். டென்ஷன் என்னோடு தங்கிவிடும்.

கடைசியில் நான்தான் ஒரு நாள் லீவு போட்டு அவளை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பார்த்துவிட்டு, கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார். யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். மகளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், மணிகளை நூலில் கோர்க்கச் சொன்னார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஓம், இவவுக்கு எல்லாம் வடிவா விளங்குது. ஆனா செய்ய நினைக்கிறது கைகாலுக்கு ஒழுங்காப் போய்ச் சேருதில்ல. இது சோம்பல் இல்ல. பழக்கினாப் பழகுவா, மற்றப் பிள்ளையளை விட மெல்லமாத்தான் பழகுவா."

எனக்கு அழுகை வந்தது. சோம்பல் இல்லை என்று ஒரு ஆள் சொல்வதற்கு ஒன்பது வருஷம் எடுத்திருக்கிறதே என்ற கோபத்தில் வந்த அழுகை. வீட்டில் செய்யச் சொல்லிச் சில பயிற்சிகளைத் தாளில் எழுதித் தந்தார். அடுத்த தடவை வர நான்கு மாதம் கழித்துத்தான் திகதி கிடைத்தது. அவ்வளவு சனம்.

நான் ஒரு தடித்த மட்டைக் கொப்பி எடுத்தேன். பின்னேரங்களில் தலையணை மேல் ஒற்றைக்கால், தரையில் ஒட்டிய டேப் மேல் குதிகாலும் விரலும் தொட நடை, சுருட்டிய காலுறையைச் சுவரில் எறிந்து பிடித்தல். எத்தனை விநாடி, எத்தனை தரம் என்று கொப்பியில் எழுதினேன். முதல் வாரம் அவள் செய்தாள். இரண்டாவது வாரம் வயிற்றுவலி என்றாள். மூன்றாவது வாரம் நான் கொப்பியைக் கையில் எடுத்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தேன். டிசம்பர் வரைக்கும் பின்னேரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போயின.

டிசம்பர் விடுமுறையில் டவுனுக்குச் சாமான் வாங்கப் போனபோதுதான் அதைப் பார்த்தோம். ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடி மண்டபத்தில் பனிச்சறுக்குத் தளம் போட்டிருந்தார்கள். பனி என்று பெயர்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, அதன் மேல் வழுக்கும் திரவம் ஒன்றைத் தெளித்திருந்தார்கள். மூலையில் அட்டையில் வெட்டிய பனிக்கரடி. மேலேயிருந்து ஒரு மெஷின் அவ்வப்போது சவர்க்கார நுரையைப் பனியாகத் தூவியது. உள்ளே புழுக்கம் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் கம்பளித் தொப்பியும் வியர்வையுமாக, அடியில் இரும்புத் தகடு வைத்த சப்பாத்தோடு வழுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நானும் போறேன்" என்றாள்.

சும்மா தரையிலேயே நிற்க முடியாத பிள்ளை, தகட்டின் மேல் ஏறி நிற்கப் போகிறதாம். வேண்டாம் என்றேன். அவள் எதற்கும் அடம்பிடிப்பவள் இல்லை. விளையாட்டு என்றாலே என் பின்னால் ஒளிந்துகொள்கிறவள். அன்றைக்கு அந்தக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். சரி, ஒரு தரம் விழுந்தால் ஆசை தீர்ந்துவிடும் என்று நினைத்து டிக்கட் எடுத்தேன்.

பழக்குவதற்கு நின்றவர் அக்குறணைக்காரர், முப்பது வயது மதிக்கலாம். வளைகுடாவில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் பனித்தளத்தில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தவர். பிள்ளைகள் அவரைச் 'சேர்' என்று கூப்பிட்டார்கள். மகளுக்குத் தொப்பியும் முழங்கால் உறையும் மாட்டிவிட்டார். நான் கம்பிக்கு மேலால் குனிந்து அவள் கையைப் பிடித்திருந்தேன்.

"அக்கா, புள்ளேட கைய விடுங்கோ."

"விட்டா விழுந்துருவா. இவளுக்குக் கொஞ்சம் பிரச்சினை இருக்கு. பெலன்ஸ் இல்ல."

"இங்க ஒருத்தருக்கும் பெலன்ஸ் இல்ல. மொதல்ல விழுறதுக்குப் படிக்கோணும். பொறகுதான் நிக்கிறது."

"நாங்க விழாம இருக்கத்தான் வந்தோம்" என்றேன் எரிச்சலோடு.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மகளுக்கு விழக் காட்டிக்கொடுத்தார். முழங்காலை மடி, பக்கவாட்டில் சாய், இடுப்புப் பக்கமாக உட்கார், யாராவது விரலில் ஏறிவிடாமல் கையைப் பொத்திக்கொள். எழும்பும்போது முட்டிபோடு, ஒரு காலை முன்னே ஊன்று, இரண்டு கையையும் அந்த முழங்காலில் வைத்து அமத்தி எழும்பு. அந்த அரை மணித்தியாலம் முழுக்க அவள் விழுந்து எழும்பியது மட்டும்தான். ஓரடியும் வழுக்கவில்லை. டிக்கட் எடுத்தது இதற்கா என்று எனக்கு உள்ளே கொதித்தது. பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நாளைக்கும் வரலாமா?"

அன்றிரவு போனில் தேடித் தேடி வாசித்தேன். பனி விழும் நாடுகளில் நடக்கத் தொடங்கிய கொஞ்சக் காலத்திலேயே பிள்ளைகளுக்குச் சறுக்குக் கட்டை மாட்டிவிடுகிறார்களாம். வழுக்குகிற தரையில் நிற்க உடம்பு ஒவ்வொரு கணமும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதனால் கால், இடுப்பு, கண் எல்லாம் சேர்ந்து வேலை செய்யப் பழகுகின்றன என்று எழுதியிருந்தார்கள். படங்களில் எல்லாம் சிவந்த கன்னமுள்ள பிள்ளைகள், பின்னால் வெள்ளை மலை. எங்களுக்கும் மலை இருக்கிறது. அதில் பனி இல்லை, மழைதான் இருக்கிறது. அதை வாசித்தபோது நம்பிக்கையும் வந்தது, பொறாமையும் வந்தது. பொறாமைதான் கூட.

கிழமையில் மூன்று நாள் போனோம். கந்தோரில் அரை நாள் லீவுகளைக் கரைத்தேன். ஐந்தாவது நாள் மகள் கம்பியை விட்டு நின்றாள். ஆறாவது நாள் தாராவைப் போல் மூன்று எட்டு வைத்தாள். நான் கம்பிக்கு வெளியே அவளோடு சேர்ந்து நடந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன்: "முழங்கால மடி. கீழ பாக்காத. கைய விரி. மடி, மடின்னு சொல்றேன்ல." கையில் கொப்பி. எத்தனை எட்டு, எத்தனை விழுகை.

சேர் என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்க வாணாம். நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கோ."

"ஏன்?"

"நீங்க ஒண்டு சொல்றீங்க, நான் ஒண்டு சொல்றேன். புள்ள ரெண்டையும் கேட்டுட்டு உங்கட மூஞ்சையும் பாக்குது. எத்தனைய அதுக்குச் செய்ய ஏலும்?"

எனக்கு முகம் எரிந்தது. என் பிள்ளையைப் பற்றி இரண்டு கிழமைப் பழக்கத்தில் இவர் எனக்குச் சொல்கிறாரா? கீழே போனேன், டீயும் குடித்தேன், அது இனிப்பாகவும் ஆறியும் இருந்தது. பாதியில் வைத்துவிட்டு மேலே வந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குதிகால்களைச் சேர்த்து வைத்து, கால்களை வெளியே விரித்து, திரும்ப உள்ளே சேர்த்து, நடுவில் பருத்து முனையில் ஒடுங்கும் தேசிக்காய் வடிவத்தில் கோடு போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். மகள் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தேசிக்காய், இரண்டு, மூன்று. பிறகு விழுந்தாள். விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே பக்கத்தில் விழுந்து கிடந்த இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் விழுந்து சிரித்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். நான் இல்லாதபோது வருவது, நான் இருக்கும்போது ஏன் வரவில்லை?

கிறிஸ்மஸுக்கு மறுநாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கீழே கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு படி ஏறிக்கொண்டிருந்தோம். அவள் எனக்கு முன்னால் தேங்காய்ப் பையோடு ஏறினாள். பாசி பிடித்த படியில் கால் வழுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொரு பல் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் இடுப்புப் பக்கமாக உட்கார்ந்திருந்தாள், கைகள் பொத்தியிருந்தன. முட்டிபோட்டாள், ஒரு காலை ஊன்றினாள், எழும்பிவிட்டாள்.

"அம்மா, தேங்கா உருண்டு போகுது, பிடிங்க!"

பிடிக்கவில்லை. அது வீதி வரைக்கும் போய் உடைந்தது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி இரண்டாம் கிழமை போனபோது மண்டபக் கதவில் பூட்டு. காவலாளி, "இவரய், மிஸ்" என்றார். முடிந்துவிட்டதாம். கண்ணாடியூடாகப் பார்த்தேன். வெள்ளைப் பலகைகளைக் கழற்றி அடுக்கியிருந்தார்கள். பனிக்கரடி முகம் சுவரைப் பார்க்க நின்றது. ஒரு அறிவித்தல் இல்லை, ஒரு போன் இல்லை. அலுவலக அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த இளைஞன் சிங்களத்தில் பணிவாக விளக்கினான்: சீசனுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தது, கொழும்புக்குத் திரும்பப் போகிறது. என் பிள்ளை இப்போதுதான் ஒற்றைக் காலில் போகத் தொடங்கினாள் என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. எப்படிப் புரியும்?

சேரின் இலக்கத்தை வாங்கி அழைத்தேன். அவரும் திரும்ப வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தார். "சில்லு வெச்ச ரோலர் ஸ்கேட் எடுத்துக் குடுங்கோ அக்கா. கொஞ்சம் வித்தியாசம் ஈக்கு, ஆனா கால் மறக்காது. சமனான எடமாப் பாருங்கோ."

சமனான இடம். கண்டியில்! எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கட்டில் போடுமளவு சமதரை கூட இல்லை. வாவிக்கரை நடைபாதையில் சனம். விளையாட்டு மைதானத்தில் புல்லும் கல்லும். ஒரு ஞாயிறு கணவர் எங்கோ விசாரித்து, புதிதாக வாங்கிய ஸ்கேட்டோடு எங்களைக் கடுகண்ணாவையில் ஒரு களஞ்சியசாலையின் சீமெந்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிளாஸ்டிக் பனியில் காலை அழுத்தினால் நிற்கும். சில்லு நிற்கவே இல்லை. அவள் பயந்து உடம்பை விறைத்துக்கொண்டாள், முழங்காலை மடிக்க மறந்தாள், முன்பக்கமாக விழுந்து முகவாயைத் தேய்த்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் கற்றதெல்லாம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது போல் எனக்கு இருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்:

"உனக்கு ஒண்ணுமே வராதா?"

முற்றம் முழுக்கக் கேட்டது. கணவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. மகள் அழவில்லை. உட்கார்ந்து ஸ்கேட்டைக் கழற்றினாள், காலுறையோடு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்தாள். சப்பாத்தைப் போடச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

மூன்று நாள் என்னோடு அளவாகப் பேசினாள். நான்காம் நாள் பின்னேரம் சோறு பிசைந்து கொடுக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். "அம்மா சொன்னது பிழை" என்றேன். அவள் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"பரவால்லம்மா. எனக்கு அந்த ஐஸ்தான் விருப்பம்."

"ஏன், அதுல போறது லேசா?"

"லேசு இல்ல. அங்க எல்லாரும் விழுவாங்க. ஸ்கூல்ல நான் மட்டும்தான்."

ஒன்பது வயதுப் பிள்ளை இதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் கொப்பியில் விநாடி எண்ணிக்கொண்டிருந்த மாதங்களில் இதை ஒரு தரமாவது அவளிடம் கேட்டிருக்கலாம்.

கிளினிக் திகதி வந்தது. கொப்பியையும் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துப் பெண் திரும்பவும் எல்லாம் செய்வித்துப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்பது நன்றாகக் கூடியிருந்தது. படியில் கால் மாற்றி இறங்கினாள். பந்து மட்டும் பழையபடி நெஞ்சில் பட்டு விழுந்தது. எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப அவ்வளவு பாடுபட்டதுக்கு இவ்வளவுதானா?" என்றேன்.

"காலுக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை குடுத்திருக்கிறா, அது வந்திட்டுது. பந்து பிடிக்கிறதுக்குப் பந்துதான் பிடிக்க வேணும். ஒண்டைப் பழகினா எல்லாம் தன்பாட்டில வந்திடும் எண்டு இல்ல, அம்மா." பிறகு கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார். "இது இனி வேண்டாம். உங்களை வருத்தப்படுத்த இதைச் சொல்லேல்ல. இதைக் கண்டா அவ ஒளிக்கிறா எண்டு அவவே சொல்லிப்போட்டா."

பஸ்ஸில் வரும்போது யார்மீது கோபம் என்றே தெரியாமல் கோபமாக இருந்தேன். நான் எதிர்பார்த்தது ஒரு கதவு திறந்து எல்லாம் சரியாவதை. எனக்குக் கிடைத்தது படி இறங்கத் தெரிந்த ஒரு பிள்ளை. அது சின்ன விஷயம் இல்லை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஐந்தாம் தரப் பிள்ளைகளின் உடற்பயிற்சிக் கண்காட்சிக்குப் பெயர் எடுத்தார்கள். மகளின் பெயர் இல்லை. விளையாட்டு ஆசிரியையிடம் போனேன்.

"லைன் கெட்டுரும்ங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றார். "தண்ணி குடுக்கிற குழுவுல போட்டிருக்கோம்."

"லைன் கெட்டா என்ன ஆகும்?"

"பெற்றோர் எல்லாம் பாப்பாங்க இல்லையா?"

"நானும் பெற்றோர்தான். நான் பாக்க வாறது என் புள்ளைய."

கிளினிக்கில் எழுதித் தந்த துண்டைக் காட்டினேன். அதிபரிடம் போனேன். மூன்று தரம் போக வேண்டியிருந்தது. மூன்றாம் தரம் பின்வரிசையில் ஒரு இடம் தந்தார்கள், பெரிய தயவு செய்கிற மாதிரி. அன்றைக்கு மகள் ஒவ்வொரு அசைவையும் மற்றவர்களை விட ஒரு எண்ணிக்கை பிந்திச் செய்தாள். எல்லோரும் கையை இறக்கும்போது அவளுடைய கை மேலே இருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். திரும்பி முறைத்தேன். ஆனால் அவள் ஒரு அசைவையும் விடாமல் கடைசி வரைக்கும் செய்து முடித்தாள். வந்து என் பையில் தண்ணீர்ப் போத்தலைத் தேடியபடி, "லைன் நேரா இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

அடுத்த டிசம்பர் வந்ததும் அந்தக் கடைத்தொகுதிக்குப் போன் எடுத்தேன். ஐஸ் இந்த முறை இல்லை, டைனோசர் கண்காட்சி என்றார்கள். கொழும்பில் எங்காவது போடுவார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். வேறு யாரிடம் கேட்கலாம் என்றேன். அதுவும் தெரியாது. போனை வைத்துவிட்டு ஒரு நல்ல கெட்ட வார்த்தை சொன்னேன்.

"டைனோசரா? எத்தனை?" என்றாள் மகள்.

போனோம். அதே மண்டபம், தரையில் பச்சைக் கம்பளம். ரப்பர் தோல் போர்த்த மிருகங்கள் கழுத்தை ஆட்டி உறுமின. நான் வாசலில் நின்றவரிடம், அடுத்த வருஷமாவது பனித்தளம் வருமா, யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைச் சொறிந்தார். மகள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, விடுங்க அவரை. அந்தப் பெரிசு வாயத் திறக்கப் போகுது, வாங்க."